சோளக்குழியின் முதல் முறம்

எங்கள் வீட்டுச் சோளக்குழியைத் திறந்தால் முதல் முறம் தானியத்தை வாங்குகிறவள் அவள்தான். அவள் என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குழிக்குள் இறங்கிய ஆள் கூடையில் அள்ளி மேலே நீட்டுவார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முறத்தை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, ஒரு பிடி எடுத்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு வருவாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மூட்டை பிடிக்கலாம். அது மூத்த மருமகளின் உரிமை. நான் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்துக்கொண்ட மாதிரி எரியும்.

அவளிடம் எதைத்தான் குறை சொல்ல? குரல் ஒன்றே போதும். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கிற எருதுகள் காதைத் திருப்பும். என் குரல் என் மூக்கு நுனியைத் தாண்டாது. "சின்னவ பேசறது அவளுக்கே கேக்குமோ என்னமோ" என்று மாமியார் வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். குழம்பு நான் வைத்தாலும் உப்புப் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்.

இதெல்லாம் கூடப் போகட்டும். என் கணவர் சத்தியமங்கலம் சந்தைக்குப் போய் வந்தால், "நங்கையா, இன்னிக்குச் சந்தையில ஒரு கூத்துங்க" என்று அவளிடம்தான் ஆரம்பிப்பார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள். அவள் சிரிக்கிற சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். என்ன கூத்து என்று பிறகு நான் கேட்டால், "ஒண்ணுமில்லே, கூட்டந்தான்" என்பார். சொன்னதையே திரும்பச் சொல்ல அவருக்கு அலுப்பு. முதலில் என்னிடம் சொல்லியிருந்தால் அவளிடம்தானே அலுத்துக்கொண்டிருப்பார்?

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் வாசிக்கிற மாதிரி ஒரு காகிதம் வந்ததில்லை. அதனால் அதுவும் எனக்கு உதவவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கணவரின் அண்ணனை மச்சாண்டார் என்போம். அவர் எதிரில் நான் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, முகம் கொடுத்துப் பேசக் கூடாது. அவரும் என்னோடு பேச மாட்டார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அவசரமாகச் சொல்ல வேண்டியது இருந்து, வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டால், வாசலில் கட்டியிருக்கிற கறுப்பு ஆட்டிடம் சொல்வேன். "ஆடே, தண்ணி காஞ்சிருச்சு." அவரும் ஆட்டைப் பார்த்தே பதில் சொல்வார். "செரி, எடுத்து வெக்கச் சொல்லு." எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று இருந்தது அந்த ஆடுதான்.

முப்பதுகளில் ஒரு வருஷத்து ஐப்பசி அது. பவானிக்கு அணை வராத காலம். மழை நாள் கணக்காக நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் காற்று கிழக்கிலிருந்து திரும்பி அடித்தது. தலையாரி தமுக்கைத் துணியால் மூடிக்கொண்டு தெருவுக்குள் வந்தார்.

"கெழக்குக் கடல்ல பெரும் பொயலு கெளம்பியிருக்குதுங்கோ. சத்தியமங்கலத்துக்குத் தந்தி வந்திருக்குதுங்கோ. மலையில மழை கொட்டும், ஆறு ஊருக்குள்ள வரும். பொழுது உழுகறதுக்குள்ள அல்லாரும் கரட்டுக் கோயிலுக்குப் போயிரோணுமுங்கோ."

கரடு என்றால் ஊரை ஒட்டிய பாறைக் குன்று. எதிர் வீட்டுக் கிழவர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "கடலு எங்க கெடக்குது, நாம எங்க கெடக்கறோம். அங்க பொயலடிச்சா இங்க நான் எதுக்கப்பா கரடு ஏறோணும்?"

"எனக்குத் தெரியாதுங்க. அடிக்கச் சொன்னாங்க, அடிக்கறேன். ஏறறதும் ஏறாததும் உங்க காலுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லாரும் எங்கள் வாசலைத்தான் பார்த்தார்கள். அக்கா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்று, "ஆத்துத் தண்ணி நேத்துப் பச்சையா இருந்துச்சு. இன்னிக்குச் செவந்து வருது. நான் கெளம்பறேன். வாரவிய வாங்க" என்றாள். அவ்வளவுதான். தெரு முழுக்கக் கோழி பிடிக்கிற சத்தமும் பானை உருட்டுகிற சத்தமும் கேட்டது. கிழவர் கூடப் போர்வையை மடித்தார்.

தண்ணீர் சிவந்ததை அவளுக்கு முன்னால் பார்த்தவள் நான். விடியற்காலையில் குடத்தோடு படித்துறைக்குப் போனது நான்தானே. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்து குடத்தை இறக்கி வைத்தேன். குடத்தில் இருந்த தண்ணீரைப் பார்த்துத்தான் அவள் சொன்னாள்.

பிறகு நின்று பேச நேரமில்லை. கூரை மேல் கயிறு வீசி, இரண்டு பக்கமும் உரலையும் ஆட்டுக்கல்லையும் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டுத்தரையில் மாடுகளை அவிழ்த்து, கன்றுகளை முன்னால் விட்டு, கரட்டுப் பக்கம் ஓட்டினார்கள். கோழிகளைக் கொடாப்புக் கூடையோடு தூக்கினோம். விதைச் சோளத்தையும் உப்புப் பானையையும் வைக்கோலில் பொதிந்து வண்டியில் வைத்தோம். கதவைக் கழற்றி, ஆறு அடித்துக்கொண்டு போகாமல் மூங்கில் புதரில் பிணைத்தார் என் கணவர். ஆற்றோரத்தில் கீழ்வளவு இருந்தது. எங்கள் பண்ணையத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருந்த இடம். தண்ணீர் முதலில் ஏறுவது அவர்கள் வாசலில்தான். அதனால் ஆட்கள் எல்லாரும் தங்கள் குடிசையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் இருந்தது நாங்கள் மட்டும்.

மிச்சம் இருந்தது குழி. தை மாதம் அறுப்பு வருகிற வரைக்கும் வீட்டுக்கும் பண்ணையத்து ஆட்களுக்கும் சோறு அதற்குள்தான் கிடந்தது. வாசலுக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிய குழி. வாய் குறுகல், ஒரு ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் இறங்க முடியும். உள்ளே வயிறு அகலம். சோளத்தைக் கொட்டி, மேலே பலகை போட்டு, பலகை மேல் கல் வைத்து, சாணியும் களிமண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசிவிடுவோம். ஆற்றுத் தண்ணீர் உள்ளே போனால் ஒரு மணி கூட மிஞ்சாது.

ஆனால் மூடிக் கிடந்த குழியைத் திறந்த உடனே இறங்க முடியாது. உள்ளே கெட்ட காற்று நிற்கும். அதுவும் பாதி காலியான குழியில், மழை ஈரம் இறங்கித் தானியம் சூடேறியிருந்தால் இன்னும் மோசம். இறங்கின ஆள் கூப்பிடக் கூட முடியாமல் உட்கார்ந்துவிடுவான். அதனால் திறந்து ஆறப்போட்டு, சட்டிக்குள் விளக்கை வைத்துக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு நின்று எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

வண்டி ஒன்றுதான். என் கணவர் ஓட்ட வேண்டும். முதல் நடையில் மாமியாரும் குழந்தைகளும் போவது என்று ஆனது. அக்கா குழிமேட்டில் நின்றாள். "நான் குழியத் தொறந்து கொட்டிக்கிட்டுப் பொறகால வாரேனுங்க அத்தை."

"நீ வராட்டி கோயில் மண்டபத்துல நமக்கு எடம் எவ புடிப்பா? இவளா?" என்று மாமியார் என்னைக் காட்டினார். "இவ ஓரமா நின்னு தூணுக்கு வழி உடுவா. சின்னவ இருக்கட்டும், நீ ஏறு."

என்னைத் தாழ்த்திச் சொன்ன வார்த்தைதான். இருந்தாலும் என் காதில் விழுந்தது வேறு. குழி திறக்கும்போது அவள் இருக்க மாட்டாள். நான் இருப்பேன். முதல் முறம் எனக்கு. புயலாவது, ஆறாவது, எனக்கு அப்போது அதுதான் தோன்றியது.

அக்காவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். முறத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள், என் கையில் கொடுக்கவில்லை. அடுப்பில் கிடந்த கங்குகளை இரண்டாகப் பிரித்து ஒரு சட்டியைத் தான் எடுத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் வைத்தாள். வண்டி நகரும்போது புருஷனைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஏனுங்க, வெளக்கு உட்டுப் பாக்காம எறங்கிப் போடாதீங்க" என்றாள்.

"எனக்குச் சொல்றியா?" என்றார் மச்சாண்டார்.

"ஆமாங்க, உங்களுக்குத்தான். வேற அவசரக்காரரு யாரு இருக்காங்க இங்க?"

வண்டிக்குள்ளிருந்து மாமியார் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அவள் திட்டினால் கூட வீட்டுக்கு அது பாட்டுக் கேட்ட மாதிரி.

வண்டி இட்டேரிப் பாதைக்குள் திரும்பி மறைந்தது. வேலி மரங்கள் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தன. வாசலில் மச்சாண்டார், கதவில்லாத நிலைப்படிக்குப் பின்னால் நான், நடுவில் கறுப்பு ஆடு. வண்டியில் ஏற்றினால் குதித்துவிடும் என்று கடைசி நடைக்கு நிறுத்தியிருந்தார்கள்.

அவர் கடப்பாரையால் பூச்சைப் பெயர்த்தார். கல்லை உருட்டினார், பலகையை இழுத்துப் பக்கத்தில் போட்டார். புளித்த மாவு வாடை நிலைப்படி வரைக்கும் வந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். பொறுமையாகத்தான் நின்றார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து யாரோ ஒருவர் தலையில் மூட்டையோடு ஓடி வந்தார்.

"என்னங்க இன்னும் நிக்கறீங்க? படித்துறைப் புள்ளையாரு கழுத்து வரைக்கும் முழுகிட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போனார்.

மச்சாண்டார் சட்டி விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினார். காற்று பிய்த்துக்கொண்டு போனது. அவர் குனிந்து மறைத்துக்கொண்டு இறக்கினார். விளக்கு அணைந்தது. கயிற்றை மேலே இழுத்து, "காத்துல அணைஞ்சுபோச்சு" என்றார். தனக்குத்தானே சொன்னார். தீப்பெட்டி அதற்குள் மழையில் நமுத்துப்போயிருந்தது. அதைத் தூர எறிந்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கயிற்றை வேப்ப மரத்து வேரில் முடிந்தார்.

விளக்கு காற்றில் அணையவில்லை. நான் நிலைப்படி உயரத்தில், பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். குழி வாயைத் தாண்டும்போது அது படபடத்தது, ஆனால் எரிந்தது. வாய்க்குக் கீழே போனதும் ஆட்டம் நின்று சுடர் நேரானது. உள்ளே காற்று வீசவே இல்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியதும், விரலால் கிள்ளிவிட்ட மாதிரி அணைந்தது. மேலே குனிந்திருந்தவருக்குத் தன் கை மறைத்தது, அது தெரியவில்லை.

நான் நிலைப்படியை விட்டு வெளியே வந்தேன். "ஆடே, எறங்க வேண்டாம்னு சொல்லு" என்றேன். காற்று என் வாயிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. "ஆடே, வெளக்கு உள்ள போய்த்தான் அணைஞ்சுது." ஆட்டுக்கே கேட்டிருக்காது. அது மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவாக இருந்தால் ஒரு சத்தத்தில் நிறுத்தியிருப்பாள். அந்த நேரத்திலும் எனக்கு அவள் தொண்டை மேல் பொறாமைதான் வந்தது.

தொட்டுத் தடுக்க முடியாது. எதிரில் போய் நிற்கக் கூடாது. கத்த வராது. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நடந்து போனேன். கீழே கிடந்த பலகையைக் குழி வாய் மேல் இழுத்துப் போட்டேன். அதன் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

மச்சாண்டார் கயிற்றோடு திரும்பினார். தம்பி மனைவி தன் எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தீயை மிதித்தவர் போலப் பின்னால் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகு ஆட்டைப் பார்த்தார்.

"ஏ ஆடு, பலகையை உட்டு எந்திரிக்கச் சொல்லு."

"மாட்டேன்னு சொல்லு ஆடே" என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை என்று தெரியும். நான் எழுந்திருக்காதது தெரிந்திருக்கும்.

"ஆறு ஊட்டுக்குள்ள வந்துரும். சோளம் போனா அல்லாரும் என்னத்தத் திங்கறதுன்னு கேளு."

நான் உட்கார்ந்தே இருந்தேன். ஈரக் களிமண் சேலையில் ஊறி உடம்பில் சில்லென்று ஏறியது.

"பைத்தியம் கியித்தியம் புடிச்சுதான்னு கேளு, ஆடு" என்றார் அவர், வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்படி நாங்கள் மூன்று பேரும் மழையில் இருந்தபோதுதான் எங்கள் பண்ணையத்து வேலைக்காரி வந்தாள். கீழ்வளவில் தன் சாமானைப் புருஷன் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டு, குழிச் சோளத்துக்குக் கை கொடுக்க வந்தவள். பலகை மேல் என்னையும், முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவரையும், நடுவில் ஆட்டையும் பார்த்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"சாமி, ஆட்டுக்கிட்டயா பஞ்சாயத்து?" என்றாள்.

நான் அவளைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னேன். அவளுக்கும் நல்ல குரல். "சின்னம்மிணி சொல்றாங்க சாமி, வெளக்கு காத்துல அணையுலியாமா. வாயத் தாண்டி நேரா எரிஞ்சு, உள்ள போய்த்தான் அணைஞ்சுதாமா. இன்னொருக்கா உட்டுப் பாக்கச் சொல்றாங்க."

மச்சாண்டார் கயிற்று நுனியை மறுபடியும் சட்டியில் கட்டினார். நான் எழுந்து விலகினேன். என் கங்குச் சட்டியிலிருந்து வைக்கோல் திரியைக் கொளுத்தி வேலைக்காரி சட்டிக்குள் வைத்தாள். இந்தத் தடவை அவரும் பக்கவாட்டில் மண்டியிட்டுப் பார்த்தார். தீ நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டேதான் இறங்கியது. உள்ளே போய், நின்று, இருந்த இடம் தெரியாமல் போனது. புகை கூட மேலே வரவில்லை.

அவர் எழுந்து தன் கம்பளியை எடுத்துக் கயிற்றில் மூட்டையாகக் கட்டிக் குழிக்குள் விட்டார். இழுத்தார், விட்டார். கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி அவரும் வேலைக்காரியும் மாறி மாறிக் காற்றை இறைத்தார்கள். கை ஓய்ந்த பிறகுதான் விளக்கு உள்ளே நின்று எரிந்தது. அதற்கப்புறம் அவர் இறங்கினார்.

முதல் கூடை மேலே வந்தது. நான் சுவரிலிருந்து முறத்தை எடுத்து ஏந்தி வாங்கினேன். சோளம் கதகதவென்று இருந்தது, பிறந்த கன்றைத் தொட்ட மாதிரி. ஒரு பிடியைச் சாமி மாடத்தில் வைத்தேன். பார்க்க யாரும் இல்லை. வேலைக்காரி சாக்குக் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தாள். தெருவே காலி. எத்தனையோ நாள் ஆசைப்பட்டது கையில் இருக்கிறது, அதைப் பார்க்க ஒரு கண் இல்லை. அவள் வாங்கும்போது தெருவே நிற்கும்.

என் கணவர் வண்டியோடு வந்து சேர்ந்தபோது இட்டேரியில் கணுக்கால் தண்ணீர். அள்ளியவரைக்கும் ஏற்றினோம். அடியில் கொஞ்சத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு கரட்டுக்குப் போனோம்.

கோயில் மண்டபத்தில் எள் போட இடமில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குச் சாரல் படாத மூலை இருந்தது. அக்கா பிடித்தது. யார் எங்கே படுப்பது, எந்தக் குழந்தைக்குப் பால், எந்த மாட்டை எங்கே கட்டுவது, எல்லாவற்றையும் அவளிடம்தான் கேட்டார்கள். கீழ்வளவுக்காரர்கள் மேற்குப் பக்கத்துப் பாறைக்கு அடியில் ஒண்டியிருந்தார்கள். மண்டபத்துக்குள் அவர்களை விடாத காலம். கோயில் அண்டாவில் எங்கள் சோளத்தைப் போட்டு வேகவைத்து, மண்டபத்துக்கும் பாறைக்கும் சேர்த்து ஆள் விட்டுக் கொடுத்தனுப்பினாள். "மகராசி, அவ கையில வாங்கித் தின்னுதான் உசுரு நிக்குது" என்றார், கரடு ஏற மாட்டேன் என்ற அதே கிழவர். வேகவைத்தது அவள்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்து காற்று முழுசாக வந்தது. சுவரோரமாக எல்லாரும் நெருங்கி உட்கார்ந்திருந்தபோது மச்சாண்டார் பேச்சை எடுத்தார்.

"இவ போறப்பச் சொல்லீட்டுப் போனா, வெளக்கு உட்டுப் பாக்காம எறங்காதீங்கன்னு. உட்டேன். அணைஞ்சுபோச்சு. நின்னுட்டேன். இல்லீனா இன்னேரம் என்னையக் குழியில இருந்து எடுக்க ஆளு தேடியிருப்பீங்க."

"பொண்டாட்டின்னா இப்படி அமையோணும்" என்றார் ஒருவர். "நங்கை சொல்லலீனா அண்ணன் போயிருப்பாரு" என்றார் என் கணவர். மாமியார் அக்காவின் தலையைத் தடவித் திருஷ்டி கழித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு கூட அவளுக்கு அழகாகத்தான் இருந்தது.

மச்சாண்டார் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னாள், விளக்கு அணைந்தது, அவர் நின்றார். நடுவில் இருந்த என்னை மட்டும் விட்டுவிட்டார். தம்பி மனைவி என் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள் என்று அவர் எப்படி ஊர் நடுவில் சொல்வார்? சொன்னால் எனக்குத்தான் கேடு. அதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தால் எரியாதா என்ன? பாறைப் பக்கமிருந்து வேலைக்காரியின் சிரிப்பு கேட்டது. அவள் தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவளை மண்டபத்தில் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். அக்கா என் பின்பக்கத்தைப் பார்த்தாள். "சேலையில என்ன?" என்று இழுத்து உட்கார வைத்தாள். இடுப்புக்குக் கீழே களிமண்ணும் சாணியும் வைக்கோலும் அப்பி, காய்ந்தும் காயாமலும் இருந்தது, குழிப் பூச்சு. அவள் அதை விரலால் தொட்டாள். மோந்து பார்த்தாள்.

"எங்கே உக்காந்தே?"

"குழிமேட்டுல" என்றேன்.

"தொறந்த குழியிலயா?"

நான் சேலையை இழுத்துக்கொண்டேன். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாலேயே எடுத்துக்கொள்வாள். நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்த மண்ணை முழுவதும் எடுத்துவிட்டாள். எடுத்துத் தூர எறிந்துவிட்டு, "போ, தண்ணி கொண்டா" என்றாள். ஊரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேரும் அவளிடமே இருந்தது.

ஆறு வந்தது. தந்தி சொன்ன மாதிரியே வந்தது. கீழ்வளவில் ஒரு குடிசை மிஞ்சவில்லை. எங்கள் வீட்டில் கிழக்குச் சுவர் உட்கார்ந்துவிட்டது. குழி இருந்த இடம் வண்டல் மூடிச் சமமாகிவிட்டது. கொண்டுபோன சோளத்தை வைத்துத்தான் தை வரைக்கும் எல்லாரும் ஓட்டினோம். அந்த வருஷம் கரட்டு அடிவாரத்தில், மேட்டு நிலத்தில், புதுக் குழி வெட்டினார்கள்.

அடுத்த ஆடியில் அதை முதன்முதலாகத் திறந்தோம். கரட்டுக் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு ஊரே வந்திருந்தது. விளக்கு விட்டுப் பார்த்து, மச்சாண்டார் இறங்கினார். நான் வழக்கம் போலச் சாக்கை விரித்துக்கொண்டு, முக்காட்டோடு ஒதுங்கி நின்றேன். அக்கா முறத்தை எடுத்தாள். எடுத்தவள் என்னிடம் நடந்து வந்து அதை என் கையில் வைத்தாள்.

"புதுக் குழி. இவ வாங்கட்டும்" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "மனசு பாரு அவளுக்கு" என்றாள் ஒருத்தி. "பெரியவன்னா அவ பெரியவ." மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொடுத்தவளுக்குத்தான் பேர். கேட்காமலே ஒன்றைத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு இருந்தது. வாங்கிக்கொள்வதைத் தவிர எனக்கு என்ன இருந்தது? முறம் கையில் கனத்தது. அதற்கும் அவள் மேல்தான் பொறாமைப்பட்டேன்.

குழி வாயில் போய்க் குனிந்தேன். உள்ளே இருட்டில் மச்சாண்டாரின் முண்டாசு மட்டும் தெரிந்தது. கூடை மேலே எழும்பியது. நீட்டியது யாரிடம் என்று அவருக்கு என் வளையலைப் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும். கூடை பாதியில் நின்றது.

"ஏ ஆடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மொறத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லு."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஆடே இல்லை. "என்னங்கறாரு?" "ஆடுங்கறாரு." "உள்ள காத்து கெட்டுப்போச்சா, பாருங்கப்பா." என் கணவர் பதறிக் குழிக்கு ஓடி வந்தார். பின்னால் நின்ற வேலைக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

நான் முக்காட்டுக்குள் சிரித்தேன். தோள் குலுங்குகிற மாதிரி சிரித்தேன். கையில் வெறும் முறம் ஆடியது.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். அவள் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத சிரிப்பு ஒன்று இருந்ததில்லை. அவள் முகம் சற்றே இறுகியது. அந்த இறுக்கம் எனக்கு நன்றாகப் பழகினது, வேறு முகத்தில் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"என்ன ஆடு?" என்று என் காதருகில் கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க அக்கா" என்றேன், கூடைச் சோளத்தை முறத்தில் வாங்கிக்கொண்டே.

பிறகும் பல தடவை கேட்டாள். வயதாகிப் படுத்த பிறகு கூட ஒரு நாள் கேட்டாள். நான் சொல்லவில்லை.